ஒரு வாய்ச் சோறும் ஒரு மூச்சும்

சாப்பிடும்போது புரையேறினால், யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவது நம் வீட்டு வழக்கம். கையோடு ஒரு குவளைத் தண்ணீரையும் நீட்டுவோம். இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துவிட்டு, மறுபடியும் இலைக்குத் திரும்புவோம். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு விஷயம் அவ்வளவுதான். ஆனால் பல வருடமாக இளைப்பும் சளியுமாக இருக்கிற ஒருவருக்கு வேளை தவறாமல் புரையேறுகிறது என்றால், நினைப்பவர் யார் என்று தேடிப் பயனில்லை. நுரையீரல் நோய் அவர் விழுங்குவதையும் கெடுக்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். என் அப்பாவுக்கு 76 வயதில் ஒரு டாக்டர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை எழுதினால், இதே தொல்லையோடு இருக்கும் வேறு வீடுகளுக்கு உதவும் என்று தோன்றியது.

அப்பா ரயில்வேக்காரர். 1966-இல், இருபது வயதில், பாயின்ட்ஸ்மேனாக வேலைக்குச் சேர்ந்தார். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. பிரிக்பீல்ட்ஸில் இன்றைக்கு கே.எல். சென்ட்ரல் நிற்கிற இடம் அப்போது சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு. நீராவி இஞ்சின்களின் கடைசி வருடங்களையும் அங்கே பார்த்தார், டீசல் இஞ்சின்களின் புகையையும் அங்கேதான் சுவாசித்தார். இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க சிகரெட். நாளுக்கு ஒரு பாக்கெட், சில நாள் அதற்கும் மேல். நாங்கள் மூவரும் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். யார்டை எடுத்துவிட்டுப் புதிய நிலையம் கட்டத் தொடங்கியபோது அவருக்கு போர்ட் கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. குடும்பமும் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தது. கே.எல். சென்ட்ரல் திறந்த அதே 2001-இல் அவரும் பணி ஓய்வு பெற்றார்.

புகைமூட்டம் வந்த வருடம் கிள்ளான்காரர்களுக்கு மறக்காது. 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். எதிர்வீடு தெரியவில்லை. அந்த வாரம் அப்பாவால் குளியலறைக்குப் போய்த் திரும்ப முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு செய்த ஊதும் பரிசோதனையில் பெயர் தெரிந்தது: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள். சுருங்கிப்போன காற்றுக்குழாய்களைப் பழைய நிலைக்குத் திருப்ப மருந்து இல்லை, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்றார்கள். அன்றே சிகரெட்டை நிறுத்தினார். இன்ஹேலர் வந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் இந்த நோய் 35 லட்சம் உயிர்களை எடுத்தது. உலகில் மனிதர்கள் இறப்பதற்கான காரணங்களில் அது நான்காவது இடத்தில் இருக்கிறது. இருந்தும், மாரடைப்பு, நீரிழிவு அளவுக்கு நம் மக்கள் இதைப் பேசுவதில்லை. 'வயசானா இளைக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். பேசுகிறவர்களும் மூச்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2022-இல் அப்பாவை மூன்று முறை மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று முறையும் நிமோனியா. மருந்து ஏற்றுவார்கள், ஒரு வாரத்தில் தேறுவார், வீட்டுக்கு வருவார், சில மாதத்தில் மறுபடியும் காய்ச்சல், பச்சைச் சளி, திணறல். இடையில் 64 கிலோவாக இருந்தவர் 55 கிலோவுக்கு இறங்கினார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, 'இப்பத்தான் உடம்பு லேசா இருக்கு' என்பார்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. எங்களோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். 'நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசியில்லை' என்பார். எல்லாரும் எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், துணி துவைக்கும் இடத்தில் நாற்காலி போட்டுச் சாப்பிடுவார். பாதிச் சோறு காக்கைக்குப் போகும். பேரப்பிள்ளைகள் முன்னால் இருமிச் சோற்றைச் சிதறவிட அவருக்குக் கூச்சம். 35 வருடம் யார்டில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சோறு பிரித்துச் சாப்பிட்ட மனிதர் அவர்.

மூன்றாவது முறை சேர்த்தபோது நிமிடத்துக்கு 30 தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் காற்று மாஸ்க். வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டுப் பால் இறக்கினார்கள். நான்கு நாள் கழித்து மூச்சு தணிந்ததும், வார்டுக்கு வந்த நெஞ்சு நோய் டாக்டர் பழைய எக்ஸ்ரே படங்களை வரிசையாகப் பார்த்தார். மூன்று முறையும் சளி கட்டியிருந்தது வலது நுரையீரலின் அடிப்பகுதியில். எங்களிடம் திரும்பிக் கேட்டார்: "சாப்பிடும்போது இவருக்கு இருமல் வருமா?"

வரும் என்றோம். தண்ணீர் குடித்தால்? அப்போதும் வரும். சாப்பிட்ட பிறகு குரல் மாறுகிறதா, தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கரகரக்கிறதா? ஆமாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம்? முக்கால் மணிக்கும் மேல். அவர் தலையசைத்து ஏதோ எழுதினார். வலது பக்கத்து மூச்சுக்குழாய் இடது பக்கத்தைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், தொண்டையில் வழிதவறிப் போகும் உணவும் எச்சிலும் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்கும் என்று பிறகு விளக்கினார். எழுதிய சீட்டு பேச்சுப் பயிற்சியாளருக்கு.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் பேச்சு நல்லாத்தானே வருது? இன்னும் கொஞ்சம் கம்மியா பேசுன்னு சொன்னாத்தான் உண்டு."

பேசப் பயன்படும் நாக்கு, உதடு, தொண்டை, குரல்வளை எல்லாம் விழுங்கவும் பயன்படுவதால், விழுங்கும் சிரமத்தையும் பேச்சுப் பயிற்சியாளர்களே கவனிக்கிறார்கள். நம் நாட்டில் இந்தப் படிப்பு பழையதல்ல. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல்தான் முதன்முதலாக இதற்கான பட்டப்படிப்பைக் கோலாலம்பூரில் தொடங்கியது. எங்களுக்கு வந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, அப்பாவின் குரல்வளை மேல் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்.

அங்கே பேரியம் என்ற வெள்ளை மருந்தைத் தண்ணீரிலும் கூழிலும் பிஸ்கட்டிலும் கலந்து விழுங்கச் சொல்லி, உள்ளே போவதை வீடியோவாக எடுக்கிறார்கள். வலியில்லை, ஊசியில்லை. ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சி அறிஞர் வளர்த்தெடுத்து, 1983-இல் வந்த தம் பாடநூல் வழியாக உலகெங்கும் பரப்பிய முறை இது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னொரு முறை.

திரையில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கூழ் நேராக உணவுக்குழாய்க்குப் போனது. பிஸ்கட் கொஞ்சம் தொண்டையில் தங்கி, இரண்டாவது விழுங்கலில் இறங்கியது. தண்ணீர் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாக மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது. அப்பா இருமவே இல்லை. நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். வருடக்கணக்கில் புகைபட்ட தொண்டையில் உணர்வு மழுங்கிப் போவதுண்டு என்றார் பயிற்சியாளர். இருமல் வந்தால் உடம்பு காவல் காக்கிறது என்று பொருள். இருமலே இல்லாமல் உள்ளே போவதுதான் கூடுதல் ஆபத்து.

நுரையீரல் நோய்க்கும் விழுங்குவதற்கும் என்ன தொடர்பு என்று அவர் விளக்கியதை அப்பா எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வருகிற பாதைகள் தொண்டையில் ஒன்றுசேர்ந்து, பிறகு இரண்டாகப் பிரிகின்றன. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலேறி, குரல்வளை மூடி கவிழ்ந்து, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்ள, மூச்சு ஏறக்குறைய ஒரு விநாடி நிற்கிறது. உணவு கடந்த பிறகு பாதை திறக்கிறது. நல்ல உடம்பில், விழுங்கியவுடன் பெரும்பாலும் மூச்சு வெளியேதான் வரும். அந்தக் காற்று, வாசலில் தங்கியிருக்கும் துணுக்கை வெளியே தள்ளிவிடும்.

"பாயின்ட்ஸ்மேன் வேலைதான்" என்றார் அப்பா. "ஒரு வண்டி முழுசா தாண்டாம பாதையை மாத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 15 தடவை மூச்சு விடுகிறவருக்கு ஒரு மூச்சுக்கு 4 விநாடி இருக்கிறது. அதில் ஒரு விநாடியை விழுங்குவதற்கு விட்டுக்கொடுப்பது பெரிய காரியமில்லை. 25 தடவை மூச்சு வாங்குகிறவருக்கு ஒரு மூச்சுக்கு 2.4 விநாடிதான். அதிலும் ஒரு விநாடி போனால் உடம்பு காற்றுக்குத் தவிக்கிறது. விழுங்கி முடியும் முன்பே, அல்லது முடிந்த அடுத்த கணமே, மூச்சை உள்ளே இழுக்கிறது. தொண்டையில் மிச்சமிருப்பதும் காற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் விழுங்கியவுடன் மூச்சை உள்ளிழுப்பது மற்றவர்களைவிட அதிகம் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. உள்ளே போன உணவும் எச்சிலும் கிருமியை வளர்க்கும். கிருமி நிமோனியாவைக் கொண்டுவரும். நிமோனியா மூச்சை இன்னும் வேகமாக்கும். மூச்சு வேகமானால் மறுபடியும் புரையேறும். அப்பா அந்த ஒரு வருடத்தில் இந்த வட்டத்தைத்தான் மூன்று முறை சுற்றினார்.

மருந்தும் இதில் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. சில இன்ஹேலர்கள் வாயை உலர வைக்கும். எச்சில் இல்லாமல் சோறு உருண்டையாகச் சேராது. ஸ்டெராய்டு கலந்த இன்ஹேலரை இழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால், நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் பூஞ்சை படரும். விழுங்கினால் எரியும். அதற்காக இன்ஹேலரை நிறுத்தக்கூடாது. கொப்பளித்துத் துப்பினால் போதும்.

வீட்டில் பெரிய வாக்குவாதம் எழுந்தது மூக்குக் குழாயைப் பற்றித்தான். ஜொகூரில் இருக்கும் அண்ணன், குழாய் அப்படியே இருக்கட்டும் என்றார். "எதுக்கு ரிஸ்க்? சோறு முக்கியமா, உசுரு முக்கியமா?" பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்கா, அப்பாவைப் பட்டினி போடுவது மாதிரி அது என்று அழுதார். இரண்டு பேர் சொன்னதும் பாசத்தில்தான். டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிலருக்குக் குழாய் தவிர்க்க முடியாதது. ஆனால் குழாய் போட்டாலும் எச்சில் சுரக்கும், அது உள்ளே போகலாம். வயிற்றில் இறங்கிய பாலும் மேலே எதுக்களிக்கலாம். ஆகவே குழாய் போட்டால் நிமோனியாவே வராது என்று உறுதி தர முடியாது. உங்கள் அப்பாவுக்குக் கூழ் பத்திரமாக இறங்குகிறது, தண்ணீரைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கலாம், அவர் கற்றுக்கொள்ளத் தயாரா என்று கேட்டார்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா, குழாயைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "வாயால நாலு பருக்கை சாப்பிடத்தானே இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்தேன். சொல்லிக் குடுக்கட்டும். கத்துக்கிறேன்." மறுநாள் குழாயை எடுத்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் முன், அப்பா உட்கார்ந்து சாப்பிடக் கைப்பிடி வைத்த நல்ல உயரமான நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் போனார்.

பயிற்சி முழுவதும் இரண்டு மலாய்ச் சொற்களில் அடங்கியது. தெலான், ஹெம்புஸ். விழுங்கு, ஊது. அங்கிள், முதலில் மூச்சு, அப்புறம் வாயில் உணவு, மூச்சைப் பிடித்து விழுங்கு, விழுங்கிய உடனே உதட்டைக் குவித்து மெல்ல ஊது, பிறகுதான் அடுத்த மூச்சை உள்ளே இழு. ஒரு வாய்க்கு ஒரு மூச்சு. இதைச் சாப்பிடாத நேரத்தில் வெறும் எச்சிலை விழுங்கியே நாளுக்கு மூன்று வேளை பழகினார். பேத்தி பக்கத்தில் நின்று 'தெலான்... ஹெம்புஸ்' என்று கொடி காட்டுவாள்.

வீட்டுப் பழக்கங்கள் பலவற்றை மாற்றினோம். முதலில் போனது அண்ணாந்து குடிப்பது. செம்பை உதட்டில் படாமல் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து மடமடவென்று ஊற்றிக்கொள்வது நமக்குச் சுத்தத்தின் அடையாளம். ஆனால் தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை விரிந்து திறக்கும், தண்ணீர் நாக்கின் கட்டுப்பாட்டில் இல்லாமல் நேரே தொண்டையில் விழும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. இப்போது அப்பாவுக்கென்று அகலமான வாயுள்ள தனிக் குவளை. தலை நேராக, ஒரு மிடறு, ஒரு ஊது. சிலருக்குத் தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். அது எல்லாருக்கும் பொருந்தாது. எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

அடுத்தது ரசஞ்சாதம். உடம்பு சரியில்லாதவருக்கு நாம் முதலில் பிசைந்து கொடுப்பதே அதுதான். ஆனால் தண்ணீரும் பருக்கையும் கலந்த உணவில், பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். நீர் பிரிந்து நிற்கும் கஞ்சியும் அப்படித்தான். மாற்றாகக் குழைய வேகவைத்து ஒன்றாக மசித்த தயிர்சாதம், சாம்பாரில் ஊறி மசிந்த இட்லி, கெட்டியான கேழ்வரகுக் கூழ், பழுத்த பப்பாளி. புட்டு, முறுக்கு, இட்லிப்பொடி, நாசி லெமாக்கில் வரும் வறுத்த நெத்திலியும் கடலையும் இப்போதைக்கு இல்லை. உதிர்கிற உணவு தொண்டையில் சிதறும். ரொட்டி சானாய் வேண்டும் என்றால் பருப்பில் முழுக்க ஊறிக் கூழான பிறகு. உணவையும் பானத்தையும் இப்படித் தரம் பிரிக்க 0 முதல் 7 வரை எண்ணிட்ட ஓர் உலகப் பொது அளவுகோலே இருக்கிறது. 0 என்றால் தண்ணீர், 4 என்றால் கரண்டியில் நிற்கும் மசியல், 7 என்றால் வழக்கமான சாப்பாடு. எங்களுக்குக் கிடைத்த தாளில் அந்த எண்கள்தான் எழுதியிருந்தன.

கோப்பிதான் பெரிய சோதனை. கெட்டிப்படுத்தும் தூளைக் கலந்து கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கோப்பியா, ஒட்டுற பசையா?" என்று தள்ளி வைத்தார். இரண்டு நாள் சரியாக எதையும் குடிக்காமல் சிறுநீர் மஞ்சளானது. பயிற்சியாளரிடம் சொன்னோம். கெட்டியாக்கினால் எல்லாருக்கும் நன்மை என்றில்லை, குடிக்காமல் உடம்பு வற்றுவதும் ஆபத்துதான் என்று சொல்லி மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார். சின்ன மிடறாக, மூச்சைப் பிடித்து விழுங்கி, ஊதி, ஒரு முறை செருமி, மறுபடி விழுங்கினால் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. கோப்பி திரும்பி வந்தது, தேக்கரண்டிக் கணக்கில். ஒரு குவளைக்கு இருபது நிமிடம். ஆறிப்போனால் சூடாக்கிக் கொடுக்கிறோம். மருந்துக்கடையில் தூள் கிடைக்கிறது என்பதற்காக நாமே வாங்கிக் கலப்பது சரியில்லை என்பதை இதில் கற்றுக்கொண்டோம்.

மற்றவை சின்ன விஷயங்கள். சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஓய்வு. குளித்துவிட்டு நேராக வந்து சாப்பிட்டால் மூச்சு வாங்கும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். சி.ஓ.பி.டி.யில் நுரையீரல் ஊதிப் பருத்து உதரவிதானத்தைக் கீழே அழுத்துகிறது. வயிறும் நிறைந்தால் அது மேலே தள்ளும், மூச்சுக்கு இடமே இருக்காது. சாப்பிடும்போது டி.வி. இல்லை, கேள்வி கேட்பது இல்லை. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கக்கூடாது. மூச்சு அதிகமாக வாங்கும் நாளில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவோம்.

பல் துலக்குவது எல்லாவற்றிலும் மலிவான மருந்து. காலையில் மட்டும் இருந்ததை இரவும் சேர்த்து இரண்டு முறை ஆக்கினோம். பொய்ப்பல்லை இரவில் கழற்றிச் சுத்தம் செய்கிறோம். எச்சில் உள்ளே போவதை முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் அதில் இருக்கும் கிருமியைக் குறைக்கலாம். ஜப்பானில் முதியோர் இல்லங்களில், சாப்பாட்டுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்தவர்களிடம் நிமோனியா குறைந்ததை 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பல் தூரிகை பிடிக்க எந்த ஸ்பெஷலிஸ்ட்டும் வேண்டாம்.

வீட்டை மாற்றுவது எளிது. விருந்தை மாற்றுவதுதான் கஷ்டம். நம்மவர்களின் அன்பு இலையில்தான் தெரியும். கல்யாண வீட்டில், 'என்ன மாமா இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் வைங்க' என்று சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. அப்பா நிதானமாகச் சாப்பிடுவதைப் பார்த்து, சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று வருந்துகிறார்கள். பந்தி எழுந்துவிடும், அடுத்த பந்திக்கு ஆள் நிற்கும், அவர் அவசரப்படுவார், புரையேறும். இப்போது நாங்கள் கடைசிப் பந்தியில் உட்காருகிறோம். பக்கத்து இலைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுகிறோம்: அவரோடு பேச வேண்டும் என்றால் சாப்பிட்ட பிறகு பேசுங்கள், நிறையப் பேசுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகிறோம். வழி முழுக்க, எந்த இடத்தில் எந்தப் பாதை பிரிந்தது என்று அப்பா சொல்லிக்கொண்டே வருவார். பிரிக்பீல்ட்ஸில் மதியக் கூட்டம் கலைந்தபிறகு, மூன்று மணிக்கு வாழை இலைச் சாப்பாடு. சோற்றைக் குழைத்துத் தரச் சொல்லி, குழம்பை ஊற்றி அக்கா மசித்துக் கொடுப்பார். அப்பளம் இலையோரம் கிடக்கும், அதைப் பேத்தி எடுத்துக்கொள்வாள். ஐம்பது நிமிடம் ஆகும். கடைக்காரருக்குப் பழகிவிட்டது.

இதனால் எல்லாம் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நோய் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவை நிமோனியாவுக்காகச் சேர்த்தோம். எடை 59 கிலோவில் நிற்கிறது. ஆனால் பின்பக்கத்து நாற்காலி மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் வருடக்கணக்காக இளைப்போடு ஒருவர் இருந்தால், சில விஷயங்களைக் கவனியுங்கள். சாப்பிடும்போதோ குடிக்கும்போதோ இருமல், சாப்பிட்டபின் ஈரமாகக் கரகரக்கும் குரல், சாப்பிடும்போது கூடும் இளைப்பு, மாத்திரை தொண்டையில் நிற்பது, காரணமில்லாமல் இறங்கும் எடை, திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும், எல்லாரோடும் சாப்பிடத் தயங்குவது. புரையேறி இருமுகிறவரை முன்னால் குனிந்து நன்றாக இருமவிடுங்கள். அடங்கும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். இருமவும் பேசவும் முடியாமல் மூச்சு அடைத்தால் அது வேறு. தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் பலமாகத் தட்டிக்கொண்டே 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் இன்ஹேலரைப் பற்றிக் கேட்பார்கள், சிகரெட்டைப் பற்றிக் கேட்பார்கள், மாடி ஏற முடிகிறதா என்று கேட்பார்கள். வரிசையில் பின்னால் நாற்பது பேர் காத்திருக்கும்போது, சாப்பாட்டைப் பற்றிக் கேட்க நேரம் கிடைக்காமல் போகலாம். அப்போது நீங்களே சொல்லுங்கள். 'டாக்டர், அப்பாவுக்குச் சாப்பிடும்போது இருமல் வருகிறது. விழுங்குவதைப் பரிசோதிக்க அனுப்ப முடியுமா?' இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.